கீல் உடைந்த லேப்டாப்பும் பூட்டாத கோப்புகளும்

கார்த்திகையில் ஒரு நாள் லேப்டாப்பின் இடப்பக்கக் கீல் உடைந்தது. மூடியைத் தூக்கினால் திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் பிளந்துகொண்டு வந்தது. இன்னும் நாலு தடவை திறந்து மூடினால் திரைக்குப் போகும் கேபிளும் அறுந்துவிடும் என்று தோன்றியதால், அன்றைக்கே பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த இளைஞர் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு நாள் ஆகுங்ண்ணா. பாஸ்வேர்டை மட்டும் இந்தச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். கீல் மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு எதற்கு என்று கேட்டேன். "ஸ்கிரீன், டச்பேட் எல்லாம் ஓடுதான்னு பார்த்துத் தரோணுமில்லீங்களா" என்றார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பேனாவைக் கையில் வாங்கியதும் எழுத வரவில்லை.

நான் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும், ஜாப்வொர்க் எடுத்துச் செய்யும் கட்டிங், தையல் யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டியும் வருமான வரியும் தாக்கல் செய்து கொடுக்கிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கடன் தாள்கள், சிலருடைய சொத்துப் பத்திர நகல் வரை அந்த லேப்டாப்பில் இருந்தன. எந்த ரசீதும் கேட்காமல் என்னிடம் அனுப்பி வைத்தவர்கள் அவர்கள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் கொண்டாறேன் தம்பி" என்று சொல்லி லேப்டாப்பை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

அன்று இரவு அடிப்பக்க மூடியைக் கழற்றினேன். பத்து ஸ்க்ரூ. நடுவில் இருப்பது மட்டும் நீளம் குறைவு, அதைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கோப்புகள் இருக்கும் வட்டான எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவை எடுத்தால் அட்டை தானாகச் சாய்வாக எழும்பும். மெதுவாக இழுத்தால் கையோடு வந்துவிடும். சூயிங் கம் அளவில் ஒரு தகடு, 512 ஜிபி. இதை வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் லேப்டாப்பைக் கடையில் கொடுத்தால் பாஸ்வேர்டு பிரச்சினையே இல்லை என்பதுதான் யோசனை. மறுநாள் அப்படித்தான் கொடுத்தேன். "பயாஸ் வரைக்கும் வந்தாப் போதுங்ண்ணா, ஸ்கிரீனைப் பார்த்துக்கலாம்" என்று அந்தத் தம்பியும் ஒத்துக்கொண்டார். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்க நிரல். வட்டைத் தனியாகக் கழற்ற முடிகிற லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழுதுக்குக் கொடுக்கும்போது இதைச் செய்யலாம்.

ஆனால் கையில் இருந்த தகட்டைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி எழுந்தது. யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி வந்து, எஸ்எஸ்டியை அதில் பொருத்தி, மகனுடைய கம்ப்யூட்டரில் செருகினேன். உடனே ஒரு டிரைவாக வந்து நின்றது. என் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. அதிலேயே 'தொடர்க' என்று ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினேன். அரை நிமிடம் பச்சைக் கோடு ஓடியது, திறந்துவிட்டது. அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஃபோல்டர், கணக்கு எழுதும் டேலி நிரலின் தரவு, ஆதார் நகல்கள், எல்லாம் அப்படியே கிடந்தன. என் பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை. அதைக் கேட்பது என் லேப்டாப்பில் ஓடும் விண்டோஸ். வட்டு தனியாக வெளியே வந்துவிட்டால் கேட்பதற்கு அங்கே ஆள் கிடையாது. இது எனக்கு ஏட்டளவில் தெரிந்த விஷயம்தான். என் கண்ணெதிரே ஒரே கிளிக்கில் நடந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

பிடிஎஃப்களுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று ஒரு கணம் ஆறுதல் பட்டேன். அதுவும் நிற்கவில்லை. இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. பெயரை நானே ஃபோல்டருக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன், ஆண்டு தெரியாவிட்டாலும் நூறு தடவை முயன்றால் போதும். வருமான வரித் துறையிலிருந்து இறக்கும், ஆண்டு வருமான விவரம் அடங்கிய ஏஐஎஸ் தாளுக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தால் பாஸ்வேர்டு. அந்த இரண்டும் அச்சிட்ட பான் அட்டையின் படம் அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பாஸ்வேர்டுகள் மின்னஞ்சல் வழி தவறிப் போகிற தாளுக்கு ஓரளவு காவல். மொத்த ஃபோல்டரும் ஒருவர் கையில் போனால் சாவியும் சேர்ந்தே போகிறது.

லேப்டாப் கடையில் இருந்த மூன்று நாளும் யோசிப்பதற்கு நல்ல அவகாசமாக அமைந்தது. குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது, செய்யலாமா வேண்டாமா என்று மொட்டையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் முடிவுக்கு வரவே முடியாது என்று புரிந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்பதை ஒரு தாளில் எழுதினேன். பல்லடம் பஸ்ஸில் பையை மறந்துவிட்டு இறங்குவது முதல் பயம். வாரத்தில் மூன்று நாள் பையோடு அலைகிறவனுக்கு இது நடக்கக்கூடியதுதான். வீட்டில் திருட்டு, பழுதுக்குக் கொடுப்பது, என்றாவது பழைய லேப்டாப்பை விற்பது, இவையெல்லாம் அதே வகை. பொருள் கைமாறும், உள்ளே இருப்பது கைமாறக்கூடாது. குறியாக்கம் இதற்காகவே உள்ள மருந்து.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரையும் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நான் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது வட்டு எனக்கும் திறந்திருக்கிறது, என் பெயரில் ஓடும் கெட்ட நிரலுக்கும் திறந்திருக்கிறது. ஏற்கெனவே பூட்டிய கோப்பின்மேல் அது இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டுப் போகும். அதற்கு மருந்து, கேபிளைப் பிடுங்கித் தனியே வைத்த நகல் ஒன்றுதான். குறியாக்கம் செய்துவிட்டால் வைரஸுக்கும் பயமில்லை என்று என்னிடமே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை.

தாளின் அடியில் கடைசியாக எழுதியதுதான் என்னை நிறைய நேரம் நிறுத்தி வைத்தது: 'நானே திறக்க முடியாமல் போவது.' பாஸ்வேர்டு மறந்தால், வட்டு பாதி கெட்டால், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால். பிறர் பார்த்துவிடுவது ஒரு இழப்பு. நமக்கே இல்லாமல் போவது இன்னொரு இழப்பு. குறியாக்கம் முதலாவதைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் இந்த இரண்டில் எது பெரிது என்று தனித்தனியே கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் ஆதாரை நான் தொலைத்தால் அவரிடம் மறுபடி கேட்டு வாங்கலாம், இன்னொருவர் கையில் போனால் திரும்ப வாங்க முடியாது. வீட்டுப் புகைப்படங்கள் நேர் எதிர். அம்மா இருந்த கடைசித் தீபாவளிப் படங்களை யாரோ பார்த்தால் எனக்கு ஒன்றும் குறையாது, தொலைந்துபோனால் ஈடே இல்லை. அதனால் படங்களின் நகல்களில் எந்தப் பூட்டும் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இன்றும் அவை இரண்டு வட்டுகளில் பூட்டில்லாமல் இருக்கின்றன.

லேப்டாப் திரும்பி வந்தது. எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். முதலில் செய்தது, வாடிக்கையாளர் ஃபோல்டரை மட்டும் பூட்டுவது. அதற்கு வேராகிரிப்ட் என்ற குறியாக்க நிரலை எடுத்துக்கொண்டேன். இலவசம், நிரல்மூலம் எல்லோருக்கும் திறந்தது. 2014 மே மாதம் திடீரென்று நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற பழைய நிரலின் வழி வந்தது. நான் கொடுத்த 20 ஜிபி அளவில், பெட்டகம் போல ஒரே ஒரு பெரிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு கொடுத்தால் அது ஒரு தனி டிரைவாகத் திறக்கும், மூடினால் வெறும் அர்த்தமில்லாத பைட்டுகள். உருவாக்கும்போது கொஞ்ச நேரம் மவுஸைக் கண்டபடி ஆட்டச் சொல்லும். அது விளையாட்டு இல்லை, சாவிக்கு வேண்டிய ஒழுங்கின்மையை அதிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. திறக்கும்போது இரண்டு மூன்று விநாடி தாமதமாகும். இயல்பான அமைப்பில் நம் பாஸ்வேர்டை 5 லட்சம் தடவை அரைத்துத்தான் சாவியை எடுக்கிறது. நமக்கு மூன்று விநாடி, கோடிக்கணக்கில் யூகிக்கப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு யூகத்துக்கும் அதே வேலை.

ஒரு வாரம் அதில் வேலை செய்தேன். நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டகத்தை மூடிவிட்டு, வெளியே என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடினேன். இந்தத் தேடலைச் செய்திருக்காவிட்டால் பாதுகாப்பாக இருக்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்திருப்பேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 61 பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் வந்ததைத் திறந்தபோது தங்கிப்போன பான் அட்டைப் படங்கள். எக்செல் தானாகச் சேமித்துவைத்த பாதிக் கணக்குகள். தற்காலிகக் கோப்பு ஃபோல்டரில் அச்சடிக்கப் போன தாள்கள். எக்ஸ்ப்ளோரர் சேர்த்து வைத்த சிறுபடங்களில் ஆதார் அட்டையின் முகம்கூடத் தெரிந்தது. இவை கண்ணுக்குத் தெரிந்தவை. நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் எழுதிவைக்கும் பேஜ்ஃபைல், நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணையும் ஹைபர்னேட்டின்போது எழுதும் கோப்பு, இவற்றில் என்ன இருக்கும் என்று என்னால் பார்க்கவே முடியாது. கோப்பு நாம் வைத்த இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அழித்தாலும் எஸ்எஸ்டியில் நிம்மதி இல்லை. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது புதிய எழுத்தை வேறு இடத்தில் எழுதுகிறது. பழைய பிரதி உள்ளே எங்கோ சிறிது காலம் கிடக்கலாம். மேலெழுதி அழிக்கும் நிரல்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தின, இதற்குப் பொருந்தாது.

அப்போதுதான் முழு வட்டையும் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். எந்தக் கோப்பு ரகசியம் என்று ஒவ்வொரு தடவையும் நான் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. எது எங்கே சிந்தினாலும் அது பூட்டுக்குள்தான் சிந்தும்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 ஹோம். விண்டோஸோடு வரும் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் முழு வசதி ப்ரோ பதிப்பில்தான். ஹோமில் அதன் எளிய வடிவம் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கிறது. முன்பு பார்த்தபோது என் லேப்டாப் அதற்குத் தகுதி இல்லை என்று காட்டியது. 24எச்2 என்ற அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் சில வன்பொருள் நிபந்தனைகளை நீக்கிவிட்டது. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அடியில் இருக்கும் என்க்ரிப்ஷன் வரியைப் பார்த்தால் தெரியும். இப்போது தகுதி உண்டு என்றது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய்ப் பொத்தானைத் தள்ளினேன். தள்ளுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு முழு நகல் எடுத்தேன். இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக்கூடாது, நடுவில் கரண்ட் போனாலும் தாங்கும் என்பார்கள், இருந்தாலும்.

ஏறத்தாழ 210 ஜிபி பயன்பாட்டில் இருந்தது. பின்னணியில் ஓடி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அந்த நேரத்திலும் டேலியில் வேலை செய்தேன். வேகம் குறையுமோ என்ற பயம்தான் இத்தனை வருடம் என்னைத் தடுத்தது. எனக்குத் தெரிந்தவரை எந்த வித்தியாசமும் இல்லை. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்கைச் செய்வதற்கென்றே தனிக் கட்டளைகள் 2010 முதல் இன்டெல் ப்ராசஸர்களில் வரத் தொடங்கின, இன்றைய லேப்டாப்புகளில் அது சாதாரணம். வேராகிரிப்டில் ஒரு வேகச் சோதனை இருக்கிறது. அதில் ஏஇஎஸ் மற்ற முறைகளைவிடப் பல மடங்கு முன்னால் நின்றது.

இந்த இடத்தில் என் கூடப் பிறந்த தம்பியின் லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூரில் இருக்கிறான். என் அனுபவத்தைச் சொன்னதும், "என்னுதுல ஏற்கெனவே இருக்குதுண்ணா" என்றான். வீடியோ அழைப்பில் பார்த்தேன். சி டிரைவின் மேல் மஞ்சள் முக்கோணம். பிட்லாக்கர் பக்கம் 'செயல்படுத்தக் காத்திருக்கிறது' என்றது. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கில் மட்டும் தொடங்கிய லேப்டாப் அது. வட்டில் உள்ளது குறியாக்கம் ஆகியிருக்கும், ஆனால் அதைத் திறக்கும் சாவி காப்பில்லாமல் அதே வட்டில் எழுதப்பட்டிருக்கும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்ட நிலை. 'இருக்கிறது' என்று நினைப்பவர்கள் அந்த முக்கோணம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

என் லேப்டாப்பில் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாக ஏறிக்கொண்டது. 48 இலக்கம், ஆறு ஆறாக 8 தொகுதி. அது ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது சரியா என்று யோசித்தேன். என் பயம் பஸ்ஸில் தொலையும் பை. அந்தப் பையை எடுப்பவருக்கு என் மைக்ரோசாஃப்ட் கணக்கு எட்டாது. ஆகவே அங்கே இருக்கட்டும் என்று விட்டேன். பத்திரிகையாளராகவோ, அதிகாரத்தில் இருப்பவர்களோடு மோதும் வழக்கறிஞராகவோ இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன். கணக்கில் இருந்தாலும் தாளில் ஒரு பிரதி வேண்டும். பிரின்டரின் நினைவில் தங்க வேண்டாம் என்று கையால் எழுதினேன்.

இனி சோதனை. மறுபடி பத்து ஸ்க்ரூ, மறுபடி யூஎஸ்பி கேஸ், மகனுடைய கம்ப்யூட்டர். இந்தத் தடவை டிரைவின் மேல் ஒரு பூட்டுப் படம். சொடுக்கினால் 48 இலக்கம் கேட்டது. அனுமதிப் பெட்டியும் இல்லை, 'தொடர்க' பொத்தானும் இல்லை. அந்தப் பூட்டைப் பார்த்ததும் மூன்று வாரமாக இருந்த பாரம் இறங்கியது. சரி, தாளைப் பார்த்து இலக்கங்களை அடித்தேன். 'தவறான சாவி' என்றது. இன்னொரு தடவை நிதானமாக அடித்தேன். அதே பதில். நான் எழுதியதில்தான் பிழை.

இங்கே ஒரு அருமையான விஷயம் கைகொடுத்தது. பிட்லாக்கர் மீட்புச் சாவியின் ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கால்குலேட்டரை எடுத்து எட்டுத் தொகுதிகளையும் வகுத்தேன். ஏழு சரியாக வந்தன, ஐந்தாவது தொகுதி மட்டும் மீதி வைத்தது. உதாரணத்துக்கு, 407253-ஐ 11-ஆல் வகுத்தால் 37023. நடுவில் உள்ள 7-ஐ 1 என்று எழுதி 401253 ஆக்கிவிட்டால் மீதி 6 வரும். எனக்கு நடந்ததும் அதே மாதிரிதான், அவசரத்தில் போட்ட 7 எனக்கே 1 ஆகத் தெரிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த வகுத்தல் காட்டிக்கொடுக்கும். சாவியைக் கையால் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் எட்டு வகுத்தலையும் போட்டுப் பாருங்கள். பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டை மாற்றினாலோ ஒரு நாள் நீலத்திரை இந்த 48 இலக்கத்தைத்தான் கேட்கும். மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதிதான் அன்றாடம் சாவியைத் திறந்து கொடுக்கிறது, அது மாறினால் மீட்புச் சாவி ஒன்றுதான் வழி. பிழை அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

இந்த டிபிஎம்மில் ஒரு குறையும் உண்டு. லேப்டாப்பை ஆன் செய்தால் அது தானாகவே வட்டைத் திறந்துவிடுகிறது, காவலாக எஞ்சுவது விண்டோஸ் நுழைவுத் திரை மட்டும். ப்ரோ பதிப்பில் தொடக்கத்திலேயே ஒரு பின் எண் கேட்க வைக்கலாம், ஹோமில் அந்த வசதி இல்லை. மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் வைத்தால் சாவி ராம் எனும் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். கரண்ட் நின்ற பிறகும் ராம் சில விநாடிகள் முதல் நிமிடங்கள் வரை நினைவைப் பிடித்து வைத்திருக்கும், குளிரூட்டினால் இன்னும் நீளும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2008-ல் செய்தே காட்டினார்கள். பஸ்ஸில் பை எடுப்பவர் அந்த அளவுக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிவிட்டேன், திறக்கும்போது இருபது விநாடி கூடுதல். வாடிக்கையாளர் ஃபோல்டருக்கு வேராகிரிப்ட் பெட்டகத்தையும் அப்படியே இரண்டாவது பூட்டாக வைத்துக்கொண்டேன்.

பெட்டகத்தின் பாஸ்வேர்டுக்குத்தான் அதிக நாள் ஆனது. தமிழிலேயே வைக்கலாம் என்று ஆசை. வேராகிரிப்ட் பெட்டகம் தமிழ் எழுத்துகளை ஏற்கும். ஆனால் 'கொ' என்ற எழுத்தை, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒற்றை உயிர்க்குறியாகவும் பதியலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே பைட்டுகள் வேறு. ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டு இன்னொரு கீபோர்டில் திறக்காமல் போனால் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால், வாழைக்கு நெடிலை எப்படி எழுதினேன், ழகரத்தை எப்படி எழுதினேன் என்பது ஆறு மாதம் கழித்து எனக்கே நினைவிருக்காது. என் மனைவி எழுதும் விதமும் நான் எழுதும் விதமும் வேறு. அதனால் மனமில்லாமல் அதை விட்டேன்.

கடைசியில் எடுத்தது பகடை வழி. எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2016-ல் வெளியிட்ட 7,776 ஆங்கிலச் சொற்களின் பட்டியல் இருக்கிறது. ஐந்து பகடை உருட்டினால் ஒரு சொல். வீட்டில் இருந்த தாயக்கட்டைக்கு நாலு முகம்தான் என்பதால் பரமபதப் பெட்டியில் கிடந்த ஆறுமுகப் பகடையை எடுத்து ஐந்தைந்து தடவை உருட்டினேன். ஆறு சொல் எடுத்தால் 22-க்குப் பின்னால் 22 சுழியம் போட்ட அளவுக்குச் சாத்தியங்கள். நாமே யோசித்து வைக்கும் சொற்களில் பிள்ளை பெயரும் குலதெய்வமும் வண்டி எண்ணும் வந்துவிடுகின்றன. பகடைக்கு நம்மைத் தெரியாது. எப்படியும் நாலு நாளில் விரலுக்குப் பழகிவிட்டது.

நகல் எடுப்பதில் இரண்டு இடத்தில் அடி வாங்கப் பார்த்தேன். வெளி ஹார்ட் டிஸ்க்கை முழுதாகவே வேராகிரிப்டில் பூட்டினேன். அதை மகனுடைய கம்ப்யூட்டரில் செருகியதும், விண்டோஸுக்கு உள்ளே இருப்பது புரியாமல், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்டது. நான் பக்கத்தில் இருந்தேன், வேண்டாம் என்று அழுத்தினேன். நான் இல்லாத நாளில் வீட்டில் யாராவது செருகியிருந்தால்? அன்றே அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, டிஸ்க்கைச் சாதாரணமாகவே விட்டு, அதற்குள் ஒரு பெட்டகக் கோப்பாக வைத்தேன். பக்கத்தில் 'இதை அழிக்க வேண்டாம், வாடிக்கையாளர் ஆவணம்' என்று தமிழில் பெயரிட்ட ஒரு குறிப்புக் கோப்பு.

இரண்டாவது இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் நடந்தது. நகல் எடுக்கும் நிரல் இரண்டு வாரமாகப் 'புதிதாக ஒன்றும் மாறவில்லை' என்று பெட்டகத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. உள்ளே தினமும் கோப்புகள் சேர்கின்றன. காரணம், வேராகிரிப்ட் இயல்பாகவே பெட்டகக் கோப்பின் மாற்றிய தேதியை மாறாமல் காத்து வைக்கிறது, அளவும் எப்போதும் அதே 20 ஜிபி. தேதியையும் அளவையும் பார்த்து முடிவு செய்யும் நிரலுக்கு அது நேற்றைய கோப்புதான். பிரிஃபரன்ஸஸ் பகுதியில், மாற்றிய நேரத்தைப் பாதுகாக்கச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது. அதை எடுத்த பிறகே நகல் ஒழுங்காக ஏறியது. மேகச் சேமிப்பில் பெட்டகம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பெட்டகத்தின் தலைப்புப் பகுதியையும் தனியாக நகல் எடுத்து வைத்தேன். 128 கிலோபைட்தான், ஆனால் அது கெட்டால் சரியான பாஸ்வேர்டுக்கும் மொத்தமும் திறக்காமல் போகலாம்.

தாள்கள் இரண்டு பிரதி. ஒன்று பீரோவில் ரேஷன் கார்டு வைக்கும் பையில், மற்றது கரூரில் தம்பி வீட்டில், ஒட்டிய உறையில். பீரோவில் வைப்பது ஆபத்தில்லையா என்று தம்பி கேட்டான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் ரேஷன் கார்டுப் பையைத் துழாவி, அதில் இருக்கும் ஆறு சொல் எதற்கு என்று யோசிக்க மாட்டான். மறதியும் சாவும் திருடனைவிட நிச்சயமானவை என்பது என் கணிப்பு.

கடைசிச் சோதனை என் மனைவிக்கு. போன மாதம் ஒரு சனிக்கிழமை, லேப்டாப்பையும் தாளையும் கொடுத்து, "நான் ஊர்ல இல்லைன்னு வெச்சுக்க. ஒரு பார்ட்டியோட ஜிஎஸ்டி ஃபைல் வேணும், இதை மட்டும் பார்த்து எடு" என்று சொல்லிவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் குரல் வந்தது. "ஏனுங்க, தப்புங்குது." நான் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லுக்குச் சொல்லு நடுவால இடம் விடோணுங்களா, சேர்த்து அடிக்கோணுங்களா? இதுல ஒண்ணும் எழுதலீங்களே" என்றாள். எழுந்து போய்ப் பார்த்தேன். ஆறு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தேன். இடைவெளி பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தெரியும் என்பதால் எழுதத் தோன்றவே இல்லை.

அவளே பேனாவை எடுத்து, சொற்களுக்குக் கீழே, 'ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. எல்லாம் சின்ன எழுத்து. மூணு விநாடி பொறுக்கணும்' என்று தன் கையெழுத்தில் எழுதினாள். மறுபடி அடித்தாள், திறந்தது. மறுநாள் கரூருக்குப் போய் அங்கிருந்த தாளிலும் அதே மூன்று வரியைச் சேர்த்துவிட்டு வந்தேன்.